அம்பிகாபதி: உள்ளக் குறிப்பை அறிதல்

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. எழுபத்தோராம் அதிகாரம் பொருட்பாலில் உள்ளது; அரசனைச் சூழ்ந்திருப்போர் பிறர் முகம் நோக்கி மனமறிவதைப் பற்றியது. நூற்றுப்பத்தாம் அதிகாரம் இன்பத்துப்பாலில் உள்ளது. காதலர் ஒருவர் பார்வையை ஒருவர் படித்தறிவதைப் பற்றியது. அரசவைக்கும் காதலுக்கும் ஒரே பெயருடைய கலை வேண்டியிருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. இவ்விரண்டு குறிப்பறிதல்களும் ஒரே மண்டபத்தில் மோதிக்கொண்டால் என்ன நேரும்? அம்பிகாபதியின் கதை அதற்கு விடையாக அமைந்திருக்கிறது.

இக்கதை தமிழ்த் திரையில் இருமுறை புகழ்பெற்றது. 1937-ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும் எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும் தோன்றினர். 1957-ஆம் ஆண்டில் ப. நீலகண்டன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் பானுமதியும் அவ்வேடங்களை ஏற்றனர். கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதியைக் காதலித்து உயிரிழந்தான் என்பது செவிவழி வந்த செய்தியேயன்றிக் கல்வெட்டுச் சான்று பெற்ற வரலாறு அன்று. கம்பர் வாழ்ந்த காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பதிலேயே அறிஞரிடம் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், மனித உள்ளத்தைப் பொறுத்தவரை இக்கதை பொய்யுரைப்பதில்லை.

துன்பியல் படமொன்றைப் பார்க்கும்போது நாம் பெரும்பாலும் பாத்திரங்கள் வாயால் சொல்வதை மட்டுமே கேட்கிறோம். காதலன் காதல் என்கிறான். மன்னன் நீதி என்கிறான். தளபதி விசுவாசம் என்கிறான். இச்சொற்களுக்குப் பின்னால் வேறோர் ஆசை ஒளிந்திருக்கக்கூடும். அதனை அறிய மூன்று வினாக்கள் போதும். ஒருவன் எதைச் சொல்லாமல் விடுகிறான்? வேறு வழி இருந்தும் எந்த வழியைத் தேர்ந்துகொள்கிறான்? எந்த இடத்தில் தவறிவிடுகிறான்? இவற்றுள் மூன்றாவதே மிகவும் நுட்பமானது. மறைத்து வைத்த ஆசை பெரும்பாலும் ஒரு பிழையின் உருவில்தான் வெளியே வருகிறது.

கதையில் வரும் விருந்துக் காட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். மன்னன் கம்பரையும் மகனையும் விருந்துக்கு அழைக்கிறான். உணவு பரிமாற அமராவதியையே வரச் செய்கிறான். இஃது உபசாரம் போலத் தோன்றும் சோதனை. அவள் நடந்து வரும் அழகைக் கண்ட அம்பிகாபதி, தன்னை மறந்து, அவள் அடிகள் நோகுமே என்று பாடத் தொடங்கிவிடுகிறான். உடனே கம்பர் அப்பாட்டைத் தாம் ஏற்று, வீதியிலே கிழங்கு விற்று வரும் ஒருத்தியைப் பற்றியதாக அதனை முடித்து வைக்கிறார். மன்னன் வெளியே ஆள் அனுப்பிப் பார்க்க, கலைமகளின் அருளால் அவ்வாறே ஒருத்தி கிழங்கு கூவி விற்றுக்கொண்டு வந்தாள் என்பர்.

இவ்விடத்தில் கம்பரின் உள்ளக் குறிப்பு வெளிப்பட்டுவிடுகிறது. கவிதையே தம் உயிர் என்று வாழ்ந்தவர், மகனுக்காக அக்கவிதையையே ஒரு பொய்க்குத் திரையாக்குகிறார். இராமனைப் பிரிந்த தயரதனின் துயரைப் பாடிய புலவரின் அடியுள்ளத்திலும் புலமையைக் காட்டிலும் மகனே பெரியவனாக இருக்கிறான். அவர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவருடைய விரைவே சொல்லிவிடுகிறது.

அடுத்து, கதையின் உயிர்நிலையாகிய சோதனை. சிற்றின்பம் கலவாத நூறு பாடல்களை அவையில் பாடி முடித்தால் அமராவதி அவனுக்கு உரியவள். தவறினால் தலை போகும். இதற்கு அம்பிகாபதி இசைகிறான். அவன் விரும்பியது அமராவதியை மட்டுமே என்றால், ஊரைவிட்டு அகன்றிருக்கலாம். அவன் அவைக்கு வந்து நின்றதில் வேறோர் ஆசையும் கலந்திருக்கிறது என நாம் கொள்வதில் பிழையில்லை. கம்பரின் மகன் என்னும் பெயரைக் கடந்து, தானும் ஒரு புலவன் என்று அவ்வவை ஒப்ப வேண்டும் என்பதே அது. பெருமரத்தின் நிழலில் வளரும் கன்றுக்கு வெயிலின்மேல் உள்ள வேட்கை போன்றது அவ்வாசை.

அமராவதி திரைமறைவில் இருந்து பாடல்களை எண்ணுகிறாள். தொடக்கத்தில் அவன் பாடிய காப்புச் செய்யுளையும் அவள் கணக்கில் சேர்த்துவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு முடிந்ததென்று மகிழ்ந்து எழுந்து முகம் காட்டுகிறாள். கண்ட மாத்திரத்தில் அவன் வாயிலிருந்து காதற்பாட்டு பிறக்கிறது, பந்தயம் தோற்கிறது, உயிரும் போகிறது. காப்புச் செய்யுள் கணக்கில் சேராது என்பது கல்வி பயின்ற இளவரசிக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எண்ணியது அவள் அறிவன்று, அவள் ஆவல். சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஏங்கும் உள்ளத்துக்கு ஒன்று இரண்டாகத் தோன்றுவது இயல்பே. அந்த ஒரே பிழையில் அவளுடைய காதல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தளபதி உருத்திரசேனனின் குறிப்பை அறிவது எளிது. அவன் பேசுவது அரச குலத்தின் மானத்தைப் பற்றி. அவன் நாடுவது அமராவதியை. பொறாமை எப்போதும் கடமையின் ஆடையை உடுத்திக்கொண்டே அவைக்கு வரும். மன்னனின் குறிப்போ அத்துணை எளிதன்று. கொல்வதே நோக்கமென்றால் சோதனை எதற்கு? மகளின் பொருட்டு மன்னிக்க ஒரு வழி தேடினான் என்று கொள்ளலாம். புலவனைக் கொன்ற பழி தன்மேல் வாராமல் பாட்டின்மேலேயே சுமத்த விரும்பினான் என்றும் கொள்ளலாம். நல்ல துன்பியல் கதை இரண்டுக்கும் இடம் வைத்துவிட்டு, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறது.

ஐதராபாத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு, இம்மன்னனோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தந்தை அருகிலேயே இருக்கிறார். மூசி நதியின்மேல் இருபத்திரண்டு வளைவுகளோடு நிற்கும் புரானாபுல் பாலம், 1578-இல் இப்ராகிம் குதுப் ஷா காலத்தில் கட்டப்பட்டது. இளவரசர் முகம்மது குலி, ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த பாகமதி என்னும் ஆடல் மகளைக் காண வெள்ளத்தில் இறங்கிச் சென்றார் என்றும், அதையறிந்த தந்தை மகனின் உயிருக்கு அஞ்சிப் பாலம் அமைத்தார் என்றும் மக்கள் சொல்வர். அப்போது இளவரசருக்கு வயது பதின்மூன்றளவே என்பதாலும், அக்காலச் சான்றுகள் போதா என்பதாலும் வரலாற்றாசிரியர் பலர் இதனை ஏற்பதில்லை. முகம்மது குலி 1580-இல் அரியணை ஏறி, 1591-இல் இந்நகரை நிறுவியதும், தக்கினி மொழியில் பெருங்கவிஞராக விளங்கியதும் மட்டும் ஐயத்துக்கு இடமற்ற செய்திகள்.

இரண்டும் செவிவழிக் கதைகளே. ஆயினும் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. இரு தந்தையருக்கும் நேர்ந்த நிலை ஏறத்தாழ ஒன்றே. சோழ மன்னனின் உள்ளத்தில் குலப்பெருமை மேலோங்கியது. அங்கே கொலைக்களம் எழுந்தது. கோல்கொண்டா மன்னரின் உள்ளத்தில் பிள்ளையின் உயிர் மேலோங்கியது. இங்கே பாலம் எழுந்தது. 1908-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் சேதமுற்றும் பழுதுபார்க்கப்பெற்று, அப்பாலம் இன்றும் நிற்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1937-இல் அம்பிகாபதியை இயக்கிய டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். உரையாடலின் பொருளைப் பிறர் சொல்லக் கேட்டவர், நடிகரின் கண்ணையும் அசைவையும் தாமே நோக்கினார். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். உள்ளத்தின் உணர்வு உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு; அதற்கு மொழி எல்லை இல்லை. தெலுங்குப் படமும் உருதுப் படமும் ஓடும் நகரில், அம்மொழிகளை முழுதும் அறியாத நம்மவரும் அவற்றில் தோய முடிவது இதனாலேயே. தமிழ் எழுத்தறியாமல் இங்கே வளரும் நம் பிள்ளைகளும் அம்பிகாபதியை உணர முடியும். அருகில் அமர்ந்து சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தால் போதும்.

இந்தப் பயிற்சி திரையோடு நின்றுவிடுவதன்று. வேற்று மொழிச் சூழலில் வளரும் மகளோ மகனோ தம் வாழ்க்கைத் துணையைத் தாமே தேர்ந்து வந்து நிற்கும் நாள் நம் வீடுகளிலும் வருகிறது. அப்போது பெற்றோர் வாயிலிருந்து வருவது, ஊரார் என்ன சொல்வார்கள் என்னும் சொல். அச்சொல்லுக்குப் பின் இருப்பது பிள்ளையின் நலத்தைக் குறித்த அச்சமா, தம் பெருமையைக் குறித்த அச்சமா என்பதைப் பெற்றோரே தம்முள் நோக்கி அறிய வேண்டும். பிள்ளைகளும் அவ்வாறே, தாம் நாடுவது அன்பையா, பிறர் ஒப்புதலையா என்று தெளிய வேண்டும். பிறர் குறிப்பை அறிவது கலை. தன் குறிப்பைத் தான் அறிவது அதனினும் அரிய கலை. அம்பிகாபதியின் அவையில் எல்லோரும் பிறரையே நோக்கினர். தம்மை நோக்கியவர் ஒருவரும் இலர். அதனால்தான் தொண்ணூற்றொன்பது பாடல்களும் அங்கே ஒருயிரைக் காக்க இயலாமற் போயின.