வலம்புரி அசலா? மடிப்பைப் பாருங்கள்

வலம்புரி என்று விற்கப்படும் எல்லாச் சங்கும் நம் கடலில் விளைந்தவை அல்ல. மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வாழும் வேறொரு நத்தையின் ஓடும் அதே பெயரில் இங்கே விலைபோகிறது. ஏமாறாமல் இருக்க, சங்கின் வகைப்பாடு கொஞ்சம் தெரிந்தால் போதும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் மூழ்கி எடுக்கும் பால் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். 'பைரம்' என்றால் பேரிக்காய். ஓட்டின் வடிவத்தால் வந்த பெயர். 1767-ல் லின்னேயஸ் இதை வொலூட்டா என்ற பேரினத்தில் வைத்தார். ஓட்டின் நடுத்தூணில் மடிப்புகள் உள்ள நத்தைகளை அவர் அந்தப் பேரினத்தில்தான் சேர்த்தார். 1799-ல் லமார்க் டர்பினெல்லா என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். பழைய மீன்வள அறிக்கைகளில் 'சாங்கஸ் பைரம்' என்று இருப்பதும் இதே சங்குதான்.

மடிப்புதான் அடையாளம்

சங்கின் வாய்க்குள், உள்பக்கச் சுவரில் விரலை விட்டுத் தடவுங்கள். நம் சங்கில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் வரப்புபோலத் தட்டுப்படும். மெருகு போட்டாலும் இவை மறையாது. இடம்புரி, வலம்புரி இரண்டுக்கும் இது பொது. ஏனென்றால் வலம்புரி தனி இனம் அல்ல. அதே சங்கு எதிர்த்திசையில் சுருண்டு வளர்ந்தது. அது மிக அரிது என்பதால்தான் விலை அதிகம்.

அமெரிக்க நத்தையோ இயல்பிலேயே அந்தத் திசையில்தான் சுருளும். அங்கே அது அரிதும் அல்ல. டெக்சாஸ் மாநிலத்தின் அடையாளச் சங்கே அதுதான். அதன் நடுத்தூண் வழவழப்பாக இருக்கும். நம் சங்கைப்போன்ற மடிப்பு வரிசை இருக்காது. வால் பகுதி நீண்டும், தோளில் முடிச்சுகளோடும், ஓடு எடை குறைவாகவும் இருக்கும். குடும்பமே வேறு.

வாலை மேலே வைத்து, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. ஆனால் இந்தச் சோதனையில் அமெரிக்க ஓடும் தேறிவிடும். மடிப்பையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மீனவர் கவனத்துக்கு

பல கடல் நத்தைகளின் இளம்பருவம் நீரில் மிதந்து வெகுதூரம் பரவும். நம் சங்கு அப்படி அல்ல. ஆட்டுக்கொம்பு போன்ற முட்டைக்கூட்டை மணலில் ஊன்றுகிறது. குஞ்சு ஓட்டோடு வெளிவந்து அங்கேயே ஊர்ந்து வளர்கிறது. ஒரு படுகையை வழித்து எடுத்துவிட்டால், அடுத்த படுகையிலிருந்து குஞ்சு மிதந்து வந்து அதை நிரப்பாது.

எனவே முட்டைக்கூட்டைப் பிடுங்க வேண்டாம். வளையத்தில் நிற்காமல் விழும் சிறு சங்கை, எடுத்த இடத்திலேயே கடலில் விடுங்கள்.