பிறர் மூச்சும் நம் பொறுப்பே

ஒரு வாகனத்தில் ஏறிய கணமே மனிதன் ஒரு புதிய சமுதாயத்தின் உறுப்பினன் ஆகிவிடுகிறான். பக்கத்தில் அமர்பவர் யார் என்பதை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. வீதியில் ஒருவர் புகைத்தால் நாலடி விலகி நடந்துவிடலாம். ஓடும் பேருந்திலும், விரையும் தொடர்வண்டியிலும், நடுக்கடலில் மிதக்கும் கப்பலிலும் விலகிச் செல்ல இடம் ஏது? ஒருவர் விடும் புகையை மற்றவர் சுவாசித்தே ஆகவேண்டும். ஆதலால், ‘என் உரிமை எங்கே முடிகிறது, பிறர் நலம் எங்கே தொடங்குகிறது’ என்னும் பழைய கேள்வி வாகனங்களுக்குள்தான் மிகக் கூர்மையாக எழுந்தது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இக்கேள்விக்கு உலகம் தந்த விடைகள் மெல்ல மெல்ல மாறியுள்ளன. அமெரிக்கச் செல்வந்தர்களின் உல்லாசக் கப்பல் முதல் கடலூர்–சிதம்பரம் பேருந்து வரை நிகழ்ந்த இம்மாற்றம் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பலகையும் வாயும்

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று நின்று நின்று செல்லும் அப்பாதையில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு இரண்டு அறிவிப்புகள் மனப்பாடம். ஒன்று ‘கரம், சிரம், புறம் நீட்டாதீர்’ என்பது. மற்றொன்று ‘புகை பிடிக்காதீர்’ என்பது. முதல் அறிவிப்புக்கு மக்கள் பெரும்பாலும் பணிந்தனர். மீறினால் இழப்பது தம்முடைய கை அன்றோ? இரண்டாவது அறிவிப்பின் கீழேயே அமர்ந்து பீடி பற்றவைத்தவர்கள் பலர். அதனால் கெடுவது பிறருடைய மார்பு.

அந்தப் பாதையில் நெடுங்காலம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அண்மையில் இதுபற்றிக் கேட்டேன். “பலகை எழுதியது மேலே உள்ளவர்கள், சாமி. அதைச் சொல்ல வேண்டியது நாங்கள். சொன்னால் சண்டை” என்றார். பயணிகள் கூறிய மறுமொழிகளை அவர் வரிசையாக ஒப்பித்தார். ‘டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லையா?’ என்பது ஒன்று. ‘ஜன்னலுக்கு வெளியேதானே ஊதுகிறேன்’ என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் பரிதாபமானது, ‘பாதிப் பீடிதான் ஐயா, அணைத்தால் வீணாகிவிடும்’ என்பது. அதைச் சொன்னவர் அன்றாடக் கூலி வேலை செய்பவர். அவரை அதட்ட மனம் வரவில்லை என்றார் நடத்துநர்.

பின்னர் எப்படி மாறியது என்று வினவினேன். “நான் ஒருவருக்கும் அபராதம் போட்டதில்லை, சாமி. பின் இருக்கையிலிருந்து ஒரு தாய், ‘அணைத்துவிடுங்கள் அண்ணே, பிள்ளைக்கு இளைப்பு’ என்பாள். முன்பெல்லாம் அவள் ஒருத்திதான் பேசுவாள். பிறகு பக்கத்தில் இருப்பவர்களும் பேசத் தொடங்கினார்கள். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தால் பீடி தானாக அணையும்.”

இந்த எளிய சொற்களில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சட்டங்களின் வரலாறும் இதையே கூறுகிறது.

எதிர்ப்பவர் யார்?

1890-ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டத்தின்படி, புகைப்போருக்கென ஒதுக்கப்படாத பெட்டியில், உடன் பயணம் செய்வோரின் இசைவின்றிப் புகைப்பது குற்றம். அபராதம் 20 ரூபாய் வரை. 1989-ஆம் ஆண்டில் வந்த புதிய இரயில்வே சட்டமும் அதே வழியில் சென்றது. சக பயணி ஆட்சேபித்தால் புகைத்தல் ஆகாது என்று கூறி, அபராதத்தை 100 ரூபாய் வரை உயர்த்தியது. எந்த வண்டியிலும் புகைப்பதை நிருவாகமே தடை செய்யலாம் என்றும் அச்சட்டம் இடமளித்தது.

‘ஆட்சேபித்தால்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுகளாகச் சட்டம் வாய் பேசத் துணிந்தவருக்கே பாதுகாப்பு அளித்தது. பெட்டி நிறைய ஆண்கள் அமர்ந்திருக்க, மடியில் குழந்தையுடன் மூலையில் ஒடுங்கிய இளம் தாய் எப்படி ஆட்சேபிப்பாள்? இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு வந்த முதியவள் யாரிடம் முறையிடுவாள்? அவர்களுடைய மௌனம் இசைவு என்று கொள்ளப்பட்டது.

இந்நிலை படிப்படியாக மாறிற்று. 1990-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஆணை, உள்நாட்டு விமானங்களிலும் குளிரூட்டப்பட்ட இரயில் பெட்டிகளிலும் புகைப்பதைத் தடுத்தது. 1999-ஆம் ஆண்டு ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடங்களில் புகைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று பிறப்பித்த ஆணை, இரயில் உட்பட எல்லாப் பொது ஊர்திகளையும், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம் முதலியவற்றையும் நாடு முழுமைக்கும் புகையற்ற இடங்கள் ஆக்கியது. புகைக்காத ஒருவன் பிறர் புகையால் நோயுறுவது, உயிர் வாழும் அடிப்படை உரிமைக்கே ஊறு என்பது அத்தீர்ப்பின் சாரம். 2003-ஆம் ஆண்டில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மருத்துவர் அன்புமணி இராமதாசு மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளன்று விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றாயிற்று.

இம்மாற்றத்தின் உயிர்நாடி அபராதத் தொகையில் இல்லை. பலவீனரின் துணிச்சலை நம்பியிருந்த பாதுகாப்பு, எவரும் வாய் திறவாமலே கிடைக்கும் உரிமையாயிற்று என்பதே அதன் உயிர்நாடி.

நம்மவர் ஏறிய கப்பல்கள்

கப்பல் என்றதும் நம் வட்டாரத்து முதியவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று ‘ரஜூலா’. 1926-ஆம் ஆண்டு முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்று வந்த அக்கப்பலில், மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் பயணம் செய்த ஏழைத் தமிழர் எண்ணிலர். மற்றொன்று நம் ஊர்ப் பெயரையே நினைவூட்டும் ‘சிதம்பரம்’. பிரான்சு நாட்டில் ‘பாஸ்தேர்’ என்னும் பெயருடன் 1966-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அதனை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றி, ரஜூலா சென்ற வழியிலேயே செலுத்தியது. 1985-ஆம் ஆண்டில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டனர். அத்துடன் அதன் பயணம் முடிந்தது. கடலில் தீ என்றால் என்ன என்பதை அக்குடும்பங்கள் அறியும். சுற்றிலும் தண்ணீர், தப்பி ஓடத் தரை இல்லை.

உல்லாசக் கப்பலில் ஒரு துண்டுச் சுருட்டு

இன்று மேனாட்டு உல்லாசக் கப்பல்கள் மிதக்கும் நகரங்கள். அங்கும் புகைக்கும் விதிகள் மாறிய வரலாறு சுவையானது.

1998-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கார்னிவல் நிறுவனம் ‘பாரடைஸ்’ என்னும் கப்பலைக் கடலில் இறக்கியது. முழுவதும் புகையற்ற உல்லாசக் கப்பல் என்று அது பறைசாற்றப்பட்டது. பின்லாந்தில் அதைக் கட்டிய தொழிலாளரும் கப்பலுக்குள் புகைக்க அனுமதிக்கப்படவில்லை. பயணிகள் ஒப்பந்தத்தில் கையொப்பம் இடவேண்டும். மீறியவருக்கு 250 டாலர் அபராதம். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடப்படுவர். ஊர் திரும்பும் செலவும் அவருடையதே. இளைப்பு நோயாளரும், குழந்தைகள் உள்ள குடும்பத்தாரும் அதனை மகிழ்ந்து வரவேற்றனர். ஆயினும் ஐந்தாறு ஆண்டுகளில் அவ்விதி கைவிடப்பட்டது. புகைப்பவர்களே மதுவருந்தவும் சூதாடவும் மிகுதியாகச் செலவிடுகிறார்கள், அவர்கள் இல்லாத கப்பலில் வருமானம் குறைகிறது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

நலம் கருதிப் பிறந்த விதி நட்டம் கருதி மடிந்தது. பின்னர் அச்சம் வந்து அதனை மீண்டும் எழுப்பியது. 2006 மார்ச் 23 அன்று விடியற்காலை மூன்று மணி அளவில், யமைக்கா நோக்கிச் சென்றுகொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலில், அறைகளை ஒட்டிய வெளிமாடங்களில் தீ மூண்டது. மாடங்களைப் பிரித்த பிளாஸ்டிக் தடுப்புகளும், பிளாஸ்டிக் நாற்காலிகளும் எரிய, நெருப்பு மாடம் விட்டு மாடம் தாவியது. 79 அறைகள் முற்றிலும் அழிந்தன. இருநூறுக்கும் மேற்பட்டவை சேதமுற்றன. புகையால் பயணி ஒருவர் உயிரிழந்தார். அணைக்காமல் வீசப்பட்ட சிகரெட்டுத் துண்டே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கண்டது. அதன் விளைவாக உலகக் கப்பல் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, 2008-ஆம் ஆண்டு முதல் வெளிமாடங்களுக்கும் தீத்தடுப்பு ஏற்பாடுகள் கட்டாயமாயின.

அதற்குப் பின் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை விதித்தன. பிரின்சஸ் நிறுவனம் 2012-இல் அறைகளிலும் மாடங்களிலும் புகைப்பதை நிறுத்தியது. 2014-இல் ராயல் கரீபியனும் கார்னிவலும் மாடங்களில் தடுத்தன. பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். ‘மாடத்துடன் கூடிய அறைக்கு அதிகக் கட்டணம் செலுத்தியது நான், அது என் வீடு போன்றது’ என்றது ஒரு கட்சி. ‘உன் மாடத்துப் புகை என் மாடத்துக்கு வருகிறதே, நானும் அதே கட்டணம் செலுத்தியவன் அல்லவா’ என்றது மறு கட்சி. புகைப்போரைச் சமாதானப்படுத்தத் தளத்தின் ஒரு மூலையில் இடம் ஒதுக்கினார்கள். சூதாட்டக் கூடத்திலோ, பல கப்பல்களில் நெடுங்காலம் புகைக்கத் தடையே இல்லை. பணம் புரளும் இடத்தில் விதி தலை குனிந்து நின்றது.

பு.முட்லூர்ப் பேருந்தில் ‘டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லையா’ என்றவரும், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ‘என் மாடம்’ என்றவரும் பேசியது ஒரே மொழி என்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். கட்டணம் நமக்கு இருக்கையைத் தரும்; பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக் காற்றை அது நமக்கு விற்பதில்லை.

இலாபமும் மனச்சான்றும்

பாரடைஸ் கப்பலோடு ஒப்பிட்டு நோக்க வேறொரு செய்தி உண்டு. வத்திக்கான் நகரில் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட்டு விற்கப்பட்டு வந்தது. அதனால் வத்திக்கானுக்கு நல்ல வருவாயும் இருந்தது. மக்களின் உடல்நலத்துக்குத் தெளிவாகக் கேடு விளைவிக்கும் ஒன்றுக்குத் திருப்பீடம் துணைபோக இயலாது என்று கருதித் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டு முதல் அவ்விற்பனையை நிறுத்தினார். வருமானம் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் நம் பங்கு மக்கள் சிலருக்கு இச்செய்தி சற்று உறுத்தலாம். அவர்களுடைய வறுமை எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் சிறுவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதில்லை என்னும் உறுதியையாவது அவர்கள் எடுக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு விற்பது சட்டப்படியும் குற்றமே.

சட்டம் எட்டாத இடம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். இவர்களுள் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தே இறப்போர் பத்து இலட்சத்துக்கும் மேல். தாம் ஒருநாளும் புகைக்காத இம்மக்கள் அனைவரும் பேருந்திலும் கப்பலிலுமா அப்புகையைச் சுவாசித்தார்கள்? பெரும்பகுதி வீட்டில்தான்.

இங்குதான் நம் குடும்பங்களுக்குரிய கேள்வி எழுகிறது. பேருந்துக்குச் சட்டம் உண்டு, இரயிலுக்கு உண்டு, கப்பலுக்கு உண்டு. வீட்டுக்குள் நுழைய எந்தச் சட்டமும் இல்லை. கடலூர் முதுநகரிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவச் சகோதரரின் படகிலும் நடத்துநர் எவரும் இல்லை. எரிபொருளுக்கு அருகிலேயே குளிருக்குப் பீடி பற்றவைக்கும் வழக்கம் இன்றும் சிலரிடம் உண்டு. பேருந்தில் அந்நியரின் பிள்ளைக்காகப் பீடியை அணைக்கும் தந்தை, வீட்டுக்கு வந்ததும் தன் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் அறையிலேயே அதைப் பற்றவைக்கிறார். அந்நியருக்குக் காட்டும் மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்ட மறந்துவிடுகிறோம். புகையுள்ள வீட்டில் வளரும் குழந்தைக்கு இளைப்பு, சளிக்காய்ச்சல், காதுநோய் மிகுதி என்பது மருத்துவ உலகம் ஐயமற அறிந்த செய்தி. அக்குழந்தை ஆட்சேபிக்காது. மனைவியும் பெரும்பாலும் ஆட்சேபிப்பதில்லை. பழைய இரயில் சட்டத்தின் காலத்தைப் போல, அவர்களுடைய மௌனத்தை நாம் இசைவாகக் கொள்கிறோம்.

புகைப்பவரை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு பிடி, விடுபடுவது எளிதன்று. பலர் நான்கைந்து முறை முயன்று தோற்று, ஆறாம் முறை வென்றிருக்கிறார்கள். அப்படி முயல்பவரைக் கேலி செய்யாமல், துணை நிற்பது குடும்பத்தின் கடமை. அரசு மருத்துவமனைகளிலும் இதற்கு ஆலோசனை கிடைக்கிறது. மின்சிகரெட்டு என்னும் மாற்று வழியில் இளைஞர் ஏமாற வேண்டா. 2019-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அதன் விற்பனைக்கே தடை உள்ளது.

முற்றும் விட இன்று இயலாதவர்க்கும் ஒரு தொடக்கம் உண்டு. வீட்டின் நிலைப்படிக்கு உள்ளே புகைப்பதில்லை என்று இன்றிரவு முடிவு செய்யலாம். பெண்களும் பிள்ளைகளும் அன்போடு அதனைக் கேட்கலாம். ஒருவர் கேட்கத் தயங்கினால் மற்றவர் சேர்ந்து கேட்கலாம். சிதம்பரம் பேருந்தில் பீடியை அணைத்தது அபராதம் அன்று, சேர்ந்து பேசிய குரல்களே என்று அந்த நடத்துநர் சொன்னதைக் குடும்பத்தில் சோதித்துப் பார்ப்போம்.