அப்துல் ஜப்பார்: முகம் தெரியாது, குரல் தெரியும்... ரசிகர்கள் மறக்காதது ஏன்?

1980-களில் எல்லார் வீட்டிலும் டிவி கிடையாது. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் பலருக்கு ரேடியோதான் கதி. அதில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர்களில் முக்கியமானவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். 2020 டிசம்பரில் காலமானார்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

டிவியில் வர்ணனையாளர் கொஞ்சம் பேசாமல் இருந்தாலும் படம் ஓடும். ரேடியோவில் பேச்சு நின்றால் ஆட்டமே தெரியாது. பந்து எங்கே போனது, யார் பிடித்தார், ஸ்கோர் என்ன என எல்லாத்தையும் அடுத்த பந்துக்குள் சொல்லணும். அதையும் நல்ல தமிழில் சொன்னார் ஜப்பார். ஆங்கில வர்ணனை புரியாதவர்களும் ஆட்டத்தை ரசித்தது இப்படித்தான். அந்தத் தலைமுறைக்கு அவர் மறைவு, வீட்டில் ஒருவரை இழந்த மாதிரி.