இருபத்தைந்து தென்னையின் பசளைக் கணக்கு

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருணாகல் போகும் ஏ10 வீதியில், கலகெதரப் பக்கம் காடுபோலத் தெரிவதில் பாதி வீட்டுத்தோட்டம்தான். பலா, பாக்கு, சாதிக்காய், கிளிரிசிடியாவில் ஏறிய மிளகு, நடுவே தென்னை. அப்படி ஒரு தோட்டத்தில் காய்க்கிற தென்னை 25 நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

ஈரவலயத்தில் முதிர்ந்த மரம் ஒன்றுக்கு லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையம் சொல்லும் கலவை வருடத்துக்கு 3.3 கிலோ: யூரியா 800 கிராம், எப்பாவல பாறைப் பொஸ்பேற்று 900, மியூரியேற் பொட்டாஷ் 1,600. டொலமைற் ஒரு கிலோ தனியாக. ஆக 25 மரத்துக்கு யூரியா 20 கிலோ, அரை மூட்டைகூட இல்லை. பொட்டாஷ்தான் 40 கிலோ. ஆனால் கடைக்குப் போனால் வாயில் முதலில் வருவது யூரியா. இலை கறுத்துப் பச்சையானால் மரம் தேறிவிட்டது என்று நினைப்பு.

விலையைப் பார்ப்போம். நெல்லுக்கு 50 கிலோ மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்த மானியக் காலத்தில் 800 கிராமின் விலை 5 ரூபா 60 சதம். (அது வயலுக்கு வந்த மூட்டை. தென்னைக்குப் போட்டால் அதற்குப் பெயர் களவு.) 2021 மே 6 வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் அரசு பின்வாங்கியது. 2022இல் நெல் விவசாயிக்கு அரசு விற்ற விலையே மூட்டை 10,000. அதே 800 கிராம் 160 ரூபா. 140 ரூபாவில் முடிந்திருக்கும் 25 மரத்துக் கணக்கு 4,000 ஆயிற்று.

மாற்று வேலியிலேயே நிற்கிறது. யூரியா 800 கிராமில் நைதரசன் 368 கிராம். கிளிரிசிடியாப் பச்சை இலை 50 கிலோ கிட்டத்தட்ட அவ்வளவையும் தரும். காசு இல்லை, முதுகு வேண்டும்: 25 மரத்துக்கு 1,250 கிலோ, 25 கிலோக் கட்டாகக் கட்டினால் 50 சுமை. பொட்டாசியத்தில் பெரும்பங்கு அப்போதும் பாக்கிதான். இதைச் சொல்லாமல் சேதனப் பசளை மட்டுமே போதும் என்கிறவரையும், மண்ணைத் தொட்டுப் பாராமல் மூட்டை எழுதித் தருகிறவரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

போடும் இடத்திலும் கணக்கு உண்டு. அடியிலிருந்து 1.75 மீற்றர் சுற்றில் பரவினால் நிலம் 9.6 சதுர மீற்றர். சோம்பலில் தூரைச் சுற்றி ஒரு அடிக்குள் கொட்டினால் 0.3 சதுர மீற்றர்கூட வராது. செறிவு முப்பது மடங்குக்கு மேல். வேர் கருகும், மிச்சம் அடுத்த மழையில் சரிவிறங்கி யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் போகும்.

பலாவுக்கு எத்தனை கிலோ என்று கேட்பவர்கள் உண்டு. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிப்பதை நிறுத்தினாலே அதற்குப் பெரும்பாலும் போதும். தென்னை நிலை வேறு, அதனிடம் காய் பறிக்கிறோம். காய் எடுத்துப்போகும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு மட்டையில் இருக்கிறது. அந்த மட்டையை லொறிக்காரருக்கு விற்றுவிட்டு, வந்த காசோடு பொட்டாஷ் வாங்கக் கடைக்குப் போகிறோம்.