நிலத்தைத் தொடும் பழைய கெப்: எயார் சஸ்பென்ஷன் யாருக்கு, எதற்கு?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்துக் கராஜ்களில் பழைய கெப் வாகனங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் 80களின் ஹைலக்ஸையும் பழைய லேண்ட் ரோவரையும் ஒட்டி, வெட்டி, திருத்தித்தான் ஓட்டினோம். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை பெரும்பாலானோருக்கு எட்டவில்லை.

இப்போது இளைஞர்கள் கைபேசியில் அமெரிக்க வீடியோக்களைக் காட்டுகிறார்கள். பெரிய பழைய பிக்கப் ஒன்று வந்து நிற்கிறது, 'புஸ்' என்று காற்று போகிறது, வாகனம் அப்படியே தரையில் படுத்துவிடுகிறது. நம்முடைய கெப்பிலும் இதைச் செய்யலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்: “மச்சானுக்கு ஒரு கால் இல்ல, உயரமான கெப்புல ஏற ஏலாது. அவருக்கு இது உதவுமா?” இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

வாகனத்தைத் தாழ்த்தும் கலை கலிபோர்னியாவின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களிடம் வளர்ந்தது. சில்லின் விளிம்பை விடத் தாழ்வாக வாகனத்தின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்ற சட்டம் அங்கே 1958இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருடமே ரொன் அகிரே என்பவர் தன் கோர்வெட் காரில், போர் விமானங்களிலிருந்து கழித்துவிட்ட ஹைட்ரோலிக் பம்புகளைப் பொருத்தினார். பொலிஸைக் கண்டால் வாகனம் உயரும், போனதும் தாழும். அந்தச் சட்டம் 2024 ஜனவரியில்தான் முற்றாக நீங்கியது. யுத்தம் விட்டுப்போன இரும்பை வைத்து வாழ்க்கைக்கு ஏதோ செய்துகொள்வது நமக்கும் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறக்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். கெப்பின் பின்பக்கம் பொதுவாக அடுக்கு ஸ்பிரிங் தகடுகளில்தான் நிற்கும். ஒரு தொன் ஏற்றினால் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த தகடு அது. அதனால் வெறும் வண்டியாக ஓடும்போது கல்லுப் போல விறைத்து நிற்கும், பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரியும். சுமையை ஏற்றிய பிறகுதான் மெதுவாகும்.

காற்றுப்பை இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்க்கிறது. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு றப்பர் பையின் பரப்பு ஏறக்குறைய 177 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிரப்பினால் அந்தப் பை 885 கிலோவைத் தூக்கும். இரண்டு பை என்றால் 1,770 கிலோ. வெறும் வண்டியில் ஒரு பைக்கு 300 கிலோதான் வருகிறதென்றால் 1.7 கிலோ அழுத்தமே போதும். (பை விரியும்போது பரப்பு கொஞ்சம் மாறும், கணக்கின் போக்கு இதுதான்.) அதாவது சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைத்து, வண்டியை எப்போதும் ஒரே உயரத்தில் வைத்திருக்கலாம். காற்றை வெளியே விட்டால் வண்டி இறங்கும். இதற்கு ஒரு 12 வோல்ட் கொம்பிரஸர், ஒரு காற்றுத் தாங்கி, வால்வுகள், குழாய்கள் வேண்டும்.

பையைப் பொருத்துவது சின்ன வேலை. பெரிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. ஸ்பிரிங் தகடு சுமையைத் தாங்குவதோடு, பின் அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கிறது. காற்றுப்பைக்கு அந்தப் பிடி கிடையாது. தகட்டைக் கழற்றினால் அச்சு முன்பின் போகாமல் நான்கு இணைப்புத் தண்டுகளும், தண்டுகள் இரண்டு சரிவாக அமையாவிட்டால் பக்கவாட்டில் நகராமல் ஒரு குறுக்குத் தண்டும் போட வேண்டும். வண்டி நன்றாக இறங்க வேண்டுமென்றால் அச்சு செசியில் முட்டும். அந்த இடத்தில் செசியை அரைவட்டமாக வெட்டி, தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இங்கேதான் எனக்குப் பயம். கடற்கரை வாகனங்களின் செசி உப்புக் காற்றில் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், சுத்தியலால் தட்டினால் உதிரும். அப்படிப்பட்ட செசியை வெட்டி ஒட்டினால், மூன்று அங்குலம் தள்ளி அடுத்த இடத்தில் விரிசல் விடும்.

அதிகம் பேர் அறியாத இன்னொன்று பிரேக். பல கெப் வாகனங்களில் பின் அச்சுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு கம்பி போய் ஒரு வால்வில் சேரும். சுமை ஏற்றி உடம்பு தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடு என்று அது சொல்லும். நீங்கள் வண்டியைத் தாழ்த்தியதும், வெறும் வண்டியைக்கூடச் சுமை ஏற்றிய வண்டி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். மழையில் அக்கரைப்பற்று வீதியில் பிரேக்கை அழுத்தினால் பின் சில்லுகள் இறுகி வண்டி சுழலும். வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யாத கராஜில் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

செலவைக் குறைக்கச் சிலர் தகட்டில் இரண்டைக் கழற்றுகிறார்கள். சிலர் முன் சுருள் ஸ்பிரிங்கைக் காஸில் சூடாக்கி அமுக்குகிறார்கள். சூடாக்கிய உருக்கு தன் பதத்தை இழந்துவிடும், பிறகு அது ஸ்பிரிங் அல்ல, வெறும் கம்பி.

சட்டமும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பதிவான வாகனத்தின் கட்டமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றிவிட்டு ஓட்ட முடியாது. வெட்டும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையும் காப்புறுதி நிறுவனத்தையும் கேளுங்கள். காற்றுத் தாங்கியை மறைத்துப் பொருத்தாமல், எவரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். சோதனைச்சாவடியில் கண்ணாடி வைத்து வண்டியின் அடிப்பக்கம் பார்த்த காலத்தை நாம் கடந்து வந்தவர்கள். செசிக்குள் ஒட்டிய ஓர் இரும்புச் சிலிண்டர் யார் மனதில் எதை எழுப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி அந்த மச்சானின் கேள்வி. உலகின் பல நகரங்களில் பஸ் நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கமாக 'முழங்காலிட்டு' இறங்குவது இதே காற்றுப்பைகளால்தான். சென்னையில் மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் அப்படியான தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டோம். ஆனால் செல்லடியிலும் கண்ணிவெடியிலும் காலை இழந்த ஒருவர் நம் கரையோரப் பஸ்ஸில் ஏற, இன்றும் இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டும்.

முழங்காலுக்கு மேல் செயற்கைக் கால் போட்டவருக்கு ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. வண்டி 10 சென்ரிமீற்றர் இறங்கி, கீழே ஒரு படியும் இருந்தால் அவர் தானே ஏறலாம். இந்த அளவுக்குச் செசியை வெட்டவே தேவையில்லாமல் போகலாம். சக்கர நாற்காலி என்றால் கணக்கு கடினம். கெப்பின் தட்டு 75 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற பாதுகாப்பான சரிவுக்கு 9 மீற்றர் பலகை வேண்டும். 45 சென்ரிமீற்றருக்கு இறக்கினாலும் 5.4 மீற்றர். பின்னால் ஒருவர் தள்ளினால், சரிவை இரட்டிப்பாக்கி 2.7 மீற்றர் மடிப்புப் பலகையில் சமாளிக்கலாம். தட்டில் நாற்காலியைக் கட்டக் கொளுக்கிகள் இல்லாமல் ஓட்டவே கூடாது.

பராமரிப்பு பெரிதில்லை. நம் ஊர் ஈரக் காற்றில் தாங்கிக்குள் தண்ணீர் சேரும், அடிக்கடி திறந்து வடியுங்கள். பை டயரிலோ சைலன்சரிலோ உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், இரும்புத் தாங்கிகள் வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் பாஸிடம் ஒன்றைக் கேளுங்கள்: அறுபதில் போகும்போது ஒரு பை வெடித்தால் வண்டி எதன் மேல் வந்து உட்காரும்? டயரும் பிரேக் குழாயும் நசியாத உயரத்தில் தடித்த றப்பர்க் கட்டைகள் இருக்கின்றன, அதிலேயே மெதுவாக வீடு வந்து சேரலாம் என்று அவர் காட்டினால் வேலையைத் தொடங்கச் சொல்லலாம்.