பதினாலு நாளுக்குள் போட்டோ எடுத்தே ஆகணுமா?

“பொறந்து பதினாலு நாளுக்குள்ள எடுத்தாத்தான் போஸ் நல்லா வருமாம்மா. போட்டோகிராபர் சொல்றாரு.”

“பச்ச ஒடம்புக்காரி நீ. முப்பது கழியாம புள்ளையத் தூக்கிட்டு எங்கிட்டும் போகக் கூடாது. கண்ணுபட்டுப் போகும்!”

தேனி, போடி, கம்பம் பக்கம் பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும் வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு சகஜம். ஒரு தலைமுறைக்கு முன் இந்தச் சிக்கலே இல்லை. பிள்ளை குப்புற விழுந்து தலை நிமிர்த்தியதும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போவார்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து ஒரே ஒரு படம் எடுப்பார்கள். அதுதான் இன்றும் பலர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இப்போது பிறந்த சில நாளிலேயே ‘நியூபார்ன் ஷூட்’ வந்துவிட்டது. மகள் சொல்வது சரியா, அம்மாச்சி சொல்வது சரியா? இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

பதினாலு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

பிறந்த முதல் இரண்டு வாரம் குழந்தை பெரும்பாலும் தூங்கும். கருப்பையில் இருந்ததுபோலவே கை காலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். அதனால்தான் கூடையிலும் பூவுக்குள்ளும் படுக்கவைக்க இந்த நாட்களைப் போட்டோகிராபர்கள் கேட்கிறார்கள். இந்தப் பாணியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ். பூக்களுக்கும் இலைகளுக்கும் நடுவே குழந்தைகளை வைத்து அவர் எடுத்த படங்கள் 1996-ல் புத்தகமாக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன.

ஆனால் அதே இரண்டு வாரம்தான் குழந்தைக்கும் தாய்க்கும் மிக நுட்பமான காலம். முதல் சில நாளில் குழந்தையின் எடை சற்றுக் குறைந்து, பத்துப் பதினாலு நாளில்தான் பிறந்த எடைக்குத் திரும்பும். பல குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை எட்டிப் பார்ப்பதும் இந்த நாட்களில்தான். தொப்புள்கொடியும் ஓரிரு வாரத்தில்தான் காய்ந்து விழும். ஆகவே தேதியைக் குறிக்கும் முன் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான எடையுள்ள குழந்தை என்றால் அவசரமே வேண்டாம். முப்பது கழிந்து எடுத்தாலும் அழகான படம் வரும். கண் திறந்து அம்மாவைப் பார்க்கும் படம் அப்போதுதான் கிடைக்கும்.

அந்த போஸ் நிஜமல்ல

இரண்டு கைகளையும் தாடைக்கு முட்டுக்கொடுத்து, தலை நிமிர்ந்து தூங்கும் குழந்தையின் படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். பிறந்த குழந்தையால் தன் தலையைத் தானே தாங்க முடியாது. முறையாக எடுப்பவர்கள் அதை இரண்டு படங்களாக எடுப்பார்கள். ஒன்றில் தலையை ஒருவர் பிடித்திருப்பார், மற்றொன்றில் கையைப் பிடித்திருப்பார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒட்டி, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். கயிற்றில் தொங்கும் தொட்டில் படங்களும் பெரும்பாலும் இப்படித்தான்.

பிறந்த குழந்தையைப் படம் எடுக்க நம் ஊரில் தனி உரிமமோ கட்டாயப் பயிற்சியோ கிடையாது. அதனால் புக் செய்யும்போதே, “இந்த போஸை எப்படி எடுப்பீங்க?” என்று கேளுங்கள். “புள்ள தானா நிக்கும்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீடே ஸ்டுடியோ

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் காரிலும் அலைவதைவிட, போட்டோகிராபரை வீட்டுக்கு வரச் சொல்வது நல்லது. அம்மாச்சியின் ‘வாசப்படி தாண்டக் கூடாது’ விதியும் மீறப்படாது. அதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

* வெளிச்சம்: காலையில் நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரமே போதும். ப்ளாஷ் பட்டால் பார்வை போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் குழந்தை திடுக்கிட்டு விழிக்கும், ஜன்னல் வெளிச்சமே மென்மையானது.

* சூடு: அறை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்க வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லிட்டிருந்தால் படத்தை நிறுத்திவிட்டு அம்மாவின் மார்போடு அணைத்துப் போர்த்துங்கள்.

* பால்: தொடங்கும் முன் வயிறு நிறையப் பால் கொடுத்து, முதுகில் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். இடையில் அழுதால் உடனே பால் கொடுங்கள். கேமரா காத்திருக்கட்டும். தூங்கவைக்க எந்தச் சொட்டு மருந்தும் கூடாது.

* சுத்தம்: குழந்தையைத் தொடும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சளி, காய்ச்சல், உதட்டுப் புண் உள்ளவர் போட்டோகிராபராக இருந்தாலும் வேறு நாள் வரட்டும். பல குழந்தைகளைப் படுக்கவைத்த துணி, தொப்பி வேண்டாம். உங்கள் வீட்டில் துவைத்த துணியே போதும்.

* புகையும் மையும்: அன்று சாம்பிராணிப் புகை, பவுடர், சென்ட் வேண்டாம், மூச்சுக்கு ஆகாது. மையைக் கண்ணில் தீட்டாதீர்கள். பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் சின்னதாக வையுங்கள்.

* ஒரு கை தூரம்: கூடையோ மெத்தையோ, எதில் வைத்தாலும் வீட்டு ஆள் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். தலைப்பட்டை, மணிமாலை எல்லாம் படம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். போட்டோகிராபர் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

அம்மாவும் படத்தில் வரட்டும்

சிசேரியன் தையல் ஆறாத நிலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது கொடுமை. ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். “என் முகம் வீங்கியிருக்கு, நான் வேண்டாம்” என்று பல தாய்மார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளை ஆல்பத்தில் தேடப்போவது பஞ்சுப் பூவையும் முயல் தொப்பியையும் அல்ல, உங்கள் முகத்தைத்தான்.

வாடகைக்கு வரும் கூடைகளைவிட நம் வீட்டிலேயே நல்ல பொருட்கள் இருக்கின்றன. அம்மாவின் பழைய பருத்திச் சேலை, தாய்மாமன் கொண்டுவந்த வெள்ளிக் கொலுசு, சுருங்கிய விரலைப் பிடித்திருக்கும் பிஞ்சு விரல் என்று எடுத்துப் பாருங்கள். “கண்ணுபடும்” என்று தடுத்த அம்மாச்சியின் கையே படத்தில் இருந்தால் அவரும் மறுக்க மாட்டார்.

திராட்சைத் தோட்டம், சுருளி, வைகை அணை எல்லாம் எங்கும் ஓடிவிடாது. பிள்ளை தலை நின்று, உட்காரும் பருவம் வந்ததும் போகலாம். தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. படத்தை வெளியிடும் முன் யோசியுங்கள். ஆஸ்பத்திரி அடையாளப் பட்டை, பிறந்த தேதி, வீட்டு முகவரி, துணியில்லாத உடம்பு இதெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. போட்டோகிராபர் தன் விளம்பரத்துக்குப் போடலாமா, கூடாதா என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண் படும் என்று அம்மாச்சி சொன்னதில், இந்த ஒரு விஷயத்தை மட்டும் இன்றைய போன் காலத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.