கடலோரத் தூண்டில்: எந்த ராடு உங்களுக்குச் சரி?

நம் கடற்கரைகளில் மீன் பிடிப்பதற்கு ராடு கட்டாயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பாட்டிலில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஓர் ஈயக்குண்டு, இரண்டு முள், கைப்பிடி இறால். தலைக்கு மேல் சுழற்றி வீசிவிட்டு நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், கிழங்கான் கொத்துகிறதா, கெளுத்தி இழுக்கிறதா என்பதை அந்த விரலே சொல்லிவிடும்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முகத்துவாரங்களிலும் தூண்டில் வளைவுகளிலும் ராடும் ரீலுமாக நிற்கிறவர்களை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். (கடல் அரிப்பைத் தடுக்க நீட்டிக் கொட்டிய கல் மேட்டுக்குத்தான் தூண்டில் வளைவு என்று பெயர். அங்கே போய்த் தூண்டில் போடுவது பெயருக்கேற்ற வேலைதான்!) இவர்களில் பலர் முதலில் வாங்கியது, ராடு, ரீல், நரம்பு, பொம்மை மீன் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் வரும் ‘செட்’. ஏரிக்கு அது போதும். உப்புக் காற்றில் சில வாரங்களிலேயே வளையம் துருப்பிடிக்கும், ரீல் கரகரக்கும். பிறகு அது பரணுக்குப் போய்விடும். கூடவே அந்த ஆசையும்.

எங்கே நிற்கப் போகிறீர்கள்?

ராடு வாங்கும்போது முதல் கேள்வி எந்த மீன் என்பதல்ல, எந்த இடம் என்பதுதான். மெரினா, கோவளம் போன்ற திறந்த மணல் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டி இரை விழ வேண்டும். நரம்பும் அலைக்கு மேலே நிற்க வேண்டும். இதற்கு 11 முதல் 13 அடி வரை நீளமான ராடு தேவை. நீரோட்டம் இழுக்கும் என்பதால் 100 கிராமுக்கு மேற்பட்ட ஈயக்குண்டை வீசக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கல் மேடு, துறைமுகச் சுவர், முகத்துவாரம் என்றால் 8 முதல் 10 அடி. இங்கே கொடுவா, பாறை, சீலா எல்லாம் காலடிக்கு அருகிலேயே வரும். கல்லில் நரம்பு உரசாமல் தள்ளிப் பிடிக்க ஓரளவு நீளம் வேண்டும். ஆனால், 13 அடி ராடை வைத்துக்கொண்டு கல் மேல் திரும்பக்கூட முடியாது. படகில் போகிறவர்களுக்கு 6 முதல் 7 அடியே தாராளம்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்றால்? இரண்டு துண்டாகப் பிரியும் 9 அடி ராடு, ‘மீடியம் ஹெவி’ ரகம். திறந்த கடற்கரையில் அது கொஞ்சம் தடுமாறும். மற்ற இடங்களில் எல்லாம் கைகொடுக்கும்.

‘பத்துக் கிலோ தாங்குமாண்ணே?’

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கடைக்காரரும் ‘தாராளமா தாங்கும் தம்பி’ என்று சொல்லிவிடுவார். கேள்வியே சரியில்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை. ராடு சமாளிப்பது அதன் இழுப்பை. அந்த இழுப்புக்கு எல்லை போடுவது ரீலில் இருக்கும் ‘டிராக்’ என்ற திருகு. மீன் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் விட்டுக்கொடுக்கும் பிரேக் அது.

ராடின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இரண்டு கணக்குகள் அச்சாகியிருக்கும். நரம்பின் பலம் ஒன்று. உதாரணமாக 15 முதல் 25 பவுண்டு. ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம். 20 பவுண்டு நரம்பு போட்டால் அது அறுவதற்கு ஏறக்குறைய 9 கிலோ இழுப்பு வேண்டும். டிராக்கை அதில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது இரண்டேகால் முதல் மூன்று கிலோவுக்கு வைப்பது வழக்கம். கையில் பிடிக்கும் வீட்டுத் தராசை நரம்பில் கட்டி இழுத்தே இதைச் சரிபார்த்துவிடலாம். இந்த மூன்று கிலோ இழுப்பை வைத்துக்கொண்டு, பொறுமை இருந்தால், பத்துக் கிலோ பாறையையும் களைக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவரலாம்.

அதே பத்துக் கிலோ மீனைத் துறைமுகச் சுவரின் மேலிருந்து ராடாலேயே தூக்கினால் கதை வேறு. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் முழு எடையும் ராடின் மெல்லிய நுனியில் விழும். ராடு அதிகம் உடைவது இங்கேதான். உயரத்தில் நின்று பிடிக்கிறவர்கள் கயிற்றில் இறக்கும் வளைய வலை ஒன்றையும் வாங்கிவிட வேண்டும்.

இரண்டாவது கணக்கு, எத்தனை கிராம் வரை வீசலாம் என்பது. இதை அலட்சியம் செய்கிறவர்கள் நிறையப் பேர். 60 கிராம் என்று போட்டிருக்கும் ராடில் 120 கிராம் ஈயக்குண்டைக் கட்டி முழு வேகத்தில் வீசினால் ராடு பாதியில் முறியலாம், நரம்பு அறுந்து குண்டு தனியே பறக்கலாம். கடற்கரையில் நமக்குப் பின்னாலும் பக்கத்திலும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பொடி எழுத்தின் அருமை புரியும்.

ஃபைபரா, கார்பனா?

ஃபைபர் கிளாஸ் ராடு கனமானது. நாள் முழுக்க வீசினால் தோள் வலிக்கும். ஆனால், கல்லில் இடித்தாலும் தாங்கும், விலையும் குறைவு. கார்பன் ராடு இலேசானது, சின்னக் கொத்தலைக்கூடக் கைக்குச் சொல்லும். கல்லில் பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும், வேறொரு நாள் அதே இடத்தில் முறியும். இரண்டையும் கலந்த ரகமும் உண்டு. இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கும் ஃபைபரே நல்லது என்பது என் கட்சி. செயற்கை இரையை நிமிடத்துக்கு ஒரு முறை வீசி இழுக்கிறவர்கள் கார்பனுக்குப் போகலாம்.

கார்பன் வாங்குகிறவர்கள் அதில் ஒட்டியிருக்கும் மின்சார எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கிழித்துப் போடும் முன் படியுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பாலங்களிலும் மீன்பிடித் துறைமுகங்களிலும் தலைக்கு மேலே கம்பி போகும். ராடை நிமிர்த்திப் பிடித்தபடி நடந்து போனால் அதுவே எமன். கம்பி இருக்கும் இடத்தில் ராடைப் பிரித்து, படுக்கைவாட்டில் எடுத்துச் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மாலையில் தூரத்தில் இடி கேட்டாலே தூண்டிலைச் சுருட்டிக் கிளம்பிவிடுவது உத்தமம். உப்புத் தண்ணீரில் நனைந்த ஃபைபர் ராடும் அந்த நேரத்தில் பாதுகாப்பு கிடையாது.

கல் மேட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, ‘கள்ளக்கடல்’. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை கன்னியாகுமரிப் பக்கம் திடீரென ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் செல்போனில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடையில் என்ன பார்க்கணும்?

கம்பின் பளபளப்பை விடுங்கள், வளையங்களைப் பாருங்கள். சட்டம் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்க வேண்டும், உள்ளே செராமிக் வளையம் இருக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றுங்கள். பஞ்சு எங்கேயாவது இழுபட்டால் அங்கே விரிசல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். பிரெய்டு நரம்பு போடப் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அது மலிவு வளையத்தையே ரம்பம் மாதிரி அறுக்கும்.

ராடை ஒரு கண்ணால் நீளவாட்டில் பார்த்தால் எல்லா வளையமும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். ரீலைப் பொருத்தி இறுக்கி ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் ‘டொக் டொக்’ என்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். குடை மாதிரி உள்ளே மடங்கும் டெலஸ்கோபிக் ராடு பஸ்ஸில் கொண்டுபோக வசதிதான். ஆனால், ஒவ்வொரு இணைப்பிலும் மணலும் உப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் நீட்டியது மடங்காது, அல்லது மடக்கியது நீளாது. கடலுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பணம் குறைவாக இருந்தால் ராடில் மிச்சம் பிடித்து ரீலில் போடுங்கள். உப்புத் தண்ணீரில் முதலில் சாவது ரீல்தான். 9 அடி ராடுக்கு 4000 அல்லது 5000 எண் ரீல் பொருந்தும்.

வீட்டுக்கு வந்ததும்

ராத்திரி எவ்வளவு நேரமானாலும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பூவாளியில் ஊற்றுகிற மாதிரி மெதுவாக. குழாயில் பீய்ச்சி அடித்தால் ரீலுக்குள் உப்பு இன்னும் ஆழமாகப் போய்விடும். ஈரத் துணியால் வளையங்களைத் துடைத்து, துண்டுகளைப் பிரித்து, நிழலில் காயவிடுங்கள்.

பஸ்ஸிலோ பைக்கிலோ எடுத்துப்போக பெட்டி வேண்டுமென்றால் பிளம்பிங் கடையில் பி.வி.சி. பைப்பும் இரண்டு மூடியும் வாங்கினால் போதும். வாங்கும்போதே கூடுதலாக மூன்றடி கேளுங்கள். அதன் ஒரு முனையைச் சாய்வாக அறுத்து மணலில் ஊன்றிவிட்டால், இரைக்கு மீன் வரும்வரை ராடை அதில் நிறுத்திவிட்டு சுண்டல் சாப்பிடலாம்.